ஆள் குறையும் மேசை

ஆறு பேர் கூடினால் அம்பத்தாறு, நாலு பேர் என்றால் இருபத்தெட்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் கடைத் திண்ணையிலோ கிளப் வராந்தாவிலோ சீட்டாட உட்காருகிறவர்கள், கட்டைப் பிரிக்கும் முன் தலைகளை எண்ணிக்கொள்கிறார்கள். என்ன ஆட்டம் என்பதை அந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது.

இரண்டும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள். ராஜாவுக்கும் ராணிக்கும் இதில் மதிப்பெண்ணே கிடையாது. பெரிய சீட்டு ஜாக்கி. மலையாளத்தில் 'குலான்', அதாவது அடிமை. அதற்கு 3 புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு 2. ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஓர் இனத்துக்கு 7 புள்ளி, நாலு இனத்துக்கு 28. ஆட்டத்தின் பெயரே அதுதான். இரண்டு கட்டுகளைச் சேர்த்தால் 56. இருபத்தெட்டில் ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளைத் தள்ளிவிட்டு 32 சீட்டுடன் நாலு பேர் ஆடுகிறார்கள். அம்பத்தாறில் ஒன்பதுக்குக் கீழே உள்ளவற்றைத் தள்ளிவிட்டு 48 சீட்டுடன் ஆறு பேர். எப்படி வகுத்தாலும் ஆளுக்கு எட்டுச் சீட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து டொரான்டோ வரை ஈழத்தமிழர்கள் ஆடும் '304' இவற்றின் பங்காளி: அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டி நாலால் பெருக்கினால் 304 வரும்.

அடிமை அரசனை வெட்டும் இந்த விசித்திர வரிசை எங்கிருந்து வந்தது? டச்சுக்காரர்களின் 'கிளாவர்யாஸ்' ஆட்டத்தில் துருப்பு இனத்தின் ஜாக்கிக்குத்தான் முதலிடம், ஒன்பதுக்கு இரண்டாமிடம். நாம் 'கிளாவர்' என்று சொல்லும் இனத்தின் பெயர் டச்சுச் சொல். 'துருப்பு' என்பதும் அவர்களின் 'ட்ரூஃப்' என்ற சொல்லோடு ஒட்டி நிற்கிறது. 1663இல் கொச்சியைப் பிடித்து 1795 வரை வைத்திருந்தவர்கள் அவர்கள். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றதும் அவர்களே. மிளகு வாங்க வந்த கப்பலில் இந்த ஆட்டமும் வந்திருக்கலாம். தேர்தலுக்குத் தேர்தல் 'துருப்புச் சீட்டு' என்று தலைப்புப் போடும் எங்கள் தொழில்காரர்கள் அந்த மாலுமிகளுக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தாம்.

பந்தயம்? பெரும்பாலும் காசு இல்லை, குணுக்கு. தோற்ற கட்சிக்காரர்கள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஆடவேண்டும். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்துத்தான் அதைக் கழற்ற முடியும். காது வளர்ப்பதற்காகப் பெண்குழந்தைகளுக்கு மாட்டிய கனமான உலோகத்துண்டுக்குத் தமிழிலும் அதே பெயர்தான். மீசை நரைத்த மனிதர் காதில் குணுக்கோடு, தெருவில் போகிறவர்கள் பார்க்க உட்கார்ந்திருப்பதைவிட நூறு ரூபாயைத் தோற்பது மேல் என்று தோன்றும்.

இந்த ஆட்டங்களில் ஆறு நாலாகும்போது என்ன மாறுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அம்பத்தாறில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் இரட்டை உண்டு. ஒரே சீட்டு இரண்டு விழுந்தால் முதலில் விழுந்ததுதான் ஜெயிக்கும். எட்டுச் சீட்டையும் கையில் வாங்கியபிறகுதான் ஏலம். அங்கே அதற்கு 'விளி' என்று பெயர். மூவர் ஒரு கட்சி என்பதால், கூட்டாளிகள் இருவருக்கும் தன் கையில் எந்த இனம் இருக்கிறது, எவ்வளவு பலம் என்பதை விளியின் மூலமே சொல்லியாகவேண்டும். விளி என்பது சங்கேத மொழி. நாலு பேர் ஆடும் இருபத்தெட்டில் பாதிச் சீட்டு வாங்கியதுமே விளி. அதிகம் விளித்தவர் துருப்பைத் தேர்ந்தெடுத்து, வாய் திறவாமல் அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகுதான் மீதி நாலு சீட்டு. கேட்ட இனம் கையில் இல்லாத ஒருவர் "துருப்பைக் காட்டு" என்று கேட்கும்வரை அது இன்னதென்று மற்ற மூவருக்கும் தெரியாது. ஆறு பேர் மேசையில் பேச்சு ஆயுதம், நாலு பேர் மேசையில் ஒளிப்பு ஆயுதம்.

களியக்காவிளையைத் தாண்டினதும் வரும் இஞ்சிவிளையில் ஒருமுறை பார்த்தேன். ஆறு பேரில் இருவர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்ததும் ஒரு கட்டு மூடப்பட்டது, மற்றக் கட்டில் ஏழும் எட்டும் மறுபடி சேர்ந்தன. அரை நிமிடத்தில் புது ஆட்டம். அதுவரை தொண்டை கிழிய விளித்துக்கொண்டிருந்த பெரியவர் பொம்மைபோல உட்கார்ந்துவிட்டார். "இனி வாயத் தொறந்தா தோப்போம் மக்கா" என்றார், தமிழா மலையாளமா என்று கேட்கத் தோன்றாத அந்த எல்லைப் பேச்சில். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போனதில், அந்தப் பேச்சை நடுவில் வெட்ட யாராலும் முடியவில்லை.

ஆள் குறைந்தால் ஆட்டத்தையே மாற்றிவிடுவது திண்ணைக்காரர்களின் வழி. ஆட்டம் அப்படியே இருக்க, ஆட்கள் மட்டும் ஒவ்வொருவராக உதிரும் ஆட்டங்களும் இருக்கின்றன. அங்கே மாறவேண்டியவர் ஆட்டக்காரர்.

நமக்குத் தெரிந்தது 'பூல்' ரம்மி. ஆறு பேர் உட்காருகிறார்கள். 101 புள்ளியைத் தொட்டவர் வெளியே. ஆரம்பத்திலேயே சீட்டைக் கீழே வைத்தால் 20 புள்ளி, நடுவில் வைத்தால் 40, ஒன்றும் சேராமல் மாட்டிக்கொண்டால் 80. அனுபவசாலிகள் மோசமான கையை உடனே கீழே வைத்துவிடுவார்கள். ஆறு பேர் இருக்கும்போது அது மிகச் சரி. ஒருவர் டிக்ளேர் செய்ய, மற்ற நாலு பேர் ஆளுக்கு நாற்பது, அறுபது என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும்போது, 20 கொடுத்து ஒதுங்கியவர் ஏறக்குறைய லாபத்தில் இருக்கிறார். ஐந்து முறை ஒதுங்கினாலும் 100தான். இன்னும் உயிர் இருக்கிறது.

இதே மனிதர் இதே பொறுமையோடு கடைசி இருவரில் ஒருவராக வந்து சேர்கிறார். இப்போது அவர் 20 கொடுத்து ஒதுங்கினால் ரத்தம் சிந்த வேறு யாரும் இல்லை. எதிரில் இருப்பவருக்குப் பூஜ்யம், இவருக்கு 20. இரண்டு கட்டும் இரண்டு ஜோக்கரும் சேர்ந்த 106 சீட்டில் ஆறு பேருக்குக் கொடுத்தது போக, ஜோக்கர் வெட்டி, ஒன்றைத் திறந்து வைத்தால் மிஞ்சுவது 26. ஆளுக்கு ஐந்து தடவை எடுப்பதற்குள் தீர்ந்துவிடும். இருவர் என்றால் மிஞ்சுவது 78. காத்திருந்து கையைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. ஆறு பேரில் ஒதுக்கவேண்டிய கை இருவரில் ஆடவேண்டிய கை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ரம்மியில் நீங்கள் போடும் சீட்டை அடுத்தவர் மட்டுமே எடுக்க முடியும். ஆறு பேர் சுற்றில் உங்களுக்குத் தீனி போடுகிறவர் ஒருவர், நீங்கள் தீனி போடுவது வேறொருவருக்கு. மற்ற மூவர் போடுவது செத்த சீட்டுகள் எவை என்ற தகவல் மட்டுமே. இருவர் ஆட்டத்தில் தீனி போடுகிறவரும் தின்கிறவரும் ஒரே ஆள். அவர் எடுத்ததையும் எடுக்காமல் விட்டதையும் பார்த்தால், நாலைந்து சுற்றில் அவர் கையில் பாதியைப் படித்துவிடலாம். அவருக்கும் உங்கள் கை அதே அளவு தெரியும்.

ரம்மி என்றதும் எல்லையோரத்தில் சட்டம் ஆடிய ஆட்டத்தையும் சொல்லவேண்டும். ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டது. பிறகு அது செல்போனுக்குள் போயிற்று. 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டத்தால் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடைசெய்தபோது களியக்காவிளையில் குற்றமாக இருந்தது, பாறசாலையில் குற்றமில்லை. 2021 பிப்ரவரியில் கேரளமும் ஆன்லைன் ரம்மிக்குத் தடை போட்டது. ஆகஸ்டில் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்ய, நிலைமை தலைகீழானது: களியக்காவிளையில் ஆடலாம், பாறசாலையில் கூடாது. செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் அங்கிருந்த தடையை நீக்கியது. கடனில் சிக்கியவர்களின் தற்கொலைகள் தொடர, 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு தடையைப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்று நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடைசெய்தது.

அந்தப் போன் மேசையில் எனக்குக் கலவரமாகத் தெரிந்தது வேறு. புள்ளிக்கு இத்தனை காசு என்று ஆடிய ஆட்டங்களில் ஒருவர் எழுந்தால் அந்த நாற்காலி அடுத்த நொடியே நிரம்பிவிடும். மேசை சிறுப்பதே இல்லை. திண்ணையில் பஸ் வந்தால் ஆட்டம் முடியும், மழை வந்தால் முடியும், ஆள் குறைந்தால் முடியும். போனில் முடிவதற்கு ஒரே வழி, கையில் காசு தீர்வது.

ஆள் குறைவதையே ஆட்டத்தின் சாரமாக்கியது போக்கர் போட்டி. கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் ஆடுகிறார்கள். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் 1970 முதல் உலகத் தொடரே நடக்கிறது. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து திறந்த சீட்டு. சிறந்த ஐந்தை அமைப்பவருக்கு அல்லது மற்றவர்களைப் பயமுறுத்திக் கீழே வைக்கச் செய்பவருக்குப் பானை. ஒவ்வொரு கைக்கும் டீலர் குறிக்கு அடுத்த இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் கட்டவேண்டும். இதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். சில்லு தீர்ந்தவர் வெளியே.

ஒன்பது பேர் மேசையில் உங்களுக்கு ஓர் ஏஸும் ஓர் ஐந்தும் வருகின்றன. நல்ல கைபோலத் தெரியும். ஆனால் மற்ற எட்டுப் பேரில் யாராவது ஒருவரிடமாவது இன்னோர் ஏஸ் இருப்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 70 சதவீதம். அவருடைய துணைச்சீட்டு உங்கள் ஐந்தைவிடப் பெரிதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மேசையில் ஆறு பேர் என்றால் அந்த 70 ஐம்பதாகிறது. மூவர் என்றால் 22 சொச்சம். எதிரில் ஒரே ஒருவர் என்றால் 12. உங்கள் கையில் சீட்டு மாறவில்லை, நாற்காலிகள்தான் காலியாகியிருக்கின்றன. ராணியும் ஏழும் ஒன்பது பேர் மேசையில் யாரும் திரும்பிப் பார்க்காத கை. இருவர் மேசையில் கண்ணை மூடிக்கொண்டு எதிராளிக்கு எதைக் கொடுத்தாலும் பாதிக்குச் சற்று மேலாகவே அது ஜெயிக்கிறது.

செலவுக் கணக்கும் மாறுகிறது. கட்டாயப் பந்தயம் 1,000, 2,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3,000. ஒன்பது பேர் இருக்கும்போது அது ஒன்பது கைகளுக்கு ஒருமுறை வரும், கைக்கு 333. மூவர் என்றால் கைக்கு 1,000. இருவர் என்றால் 1,500. முப்பதாயிரம் சில்லு வைத்திருப்பவர் ஒன்பது பேர் மேசையில் தொண்ணூறு கைகள் வேடிக்கை பார்க்கலாம். இருவர் மேசையில் இருபதுதான். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பவரின் வீட்டில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது.

அதனால்தான் ஆள் குறையக் குறையத் துணிந்து ஆடு என்று போக்கர் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. பாதி உண்மை. பரிசுப் பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் பார்க்கவேண்டும். உலகத் தொடரின் முக்கியப் போட்டியில் 1978க்கு முன்பு ஜெயித்தவருக்கே முழுப் பணமும். அந்த ஆண்டிலிருந்துதான் முதல் சில இடங்களுக்குப் பங்கு. பங்கு வந்ததும் கணக்கு கோணலாகிவிட்டது.

ஒரு லட்சம் பரிசு: முதலாமவருக்கு 50,000, இரண்டாமவருக்கு 30,000, மூன்றாமவருக்கு 20,000. மூவர் மிஞ்சியிருக்கிறார்கள், மூவரிடமும் சம சில்லு. ஒவ்வொருவர் இடத்தின் மதிப்பு 33,333. இருவர் மொத்தச் சில்லையும் வைத்து மோதுகிறார்கள். தோற்றவர் 20,000 வாங்கிக்கொண்டு எழுந்துபோகிறார், அவருக்கு நஷ்டம் 13,333. ஜெயித்தவரிடம் மூன்றில் இரண்டு பங்கு சில்லு. அதற்கேற்ப முதல் பரிசு, இரண்டாம் பரிசு வாய்ப்புகளைக் கூட்டினால் அவருடைய மதிப்பு 43,333. லாபம் 10,000 மட்டுமே. பத்தாயிரம் கிடைப்பதற்காகப் பதின்மூவாயிரத்தைப் பணயம் வைக்கும் ஆட்டம் இது. நூற்றுக்கு ஐம்பத்தேழு முறைக்கு மேல் ஜெயிப்போம் என்ற தெம்பு இல்லாமல் இறங்கக்கூடாது. மீதி 3,333 எங்கே போயிற்று? கை கட்டி வேடிக்கை பார்த்த மூன்றாமவரிடம். அவருடைய இடம் 33,333இலிருந்து 36,667 ஆகிவிட்டது.

ஆக மூவர் மேசையில் இரண்டு சக்திகள் எதிரெதிராக இழுக்கின்றன. வாடகை முன்னே தள்ளுகிறது, பரிசுப் படிக்கட்டு பின்னே இழுக்கிறது. இதற்கு நல்ல ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது: பந்தயத்தை முதலில் உயர்த்துபவராக இரு, அடுத்தவர் உயர்த்தியதற்குப் பதில் சொல்பவராக இராதே. உயர்த்துபவருக்கு ஜெயிக்க இரண்டு வழிகள் உண்டு. எதிராளி பயந்து சீட்டை வைக்கலாம், இல்லாவிட்டால் சீட்டு ஜெயிக்கலாம். பதில் சொல்பவருக்கு இரண்டாவது வழி மட்டுமே. அதிலும் யாரோடு மோதுகிறோம் என்று பார்க்கவேண்டும். பெரிய சில்லுக் குவியல் வைத்திருப்பவர் உங்களை வெளியேற்ற முடியும், சின்னக் குவியல்காரரால் முடியாது. நடுத்தரக் குவியல்காரர் நிலைமைதான் பாவம். பெரியவரோடு மோதினால், தனக்கு முன்பே போயிருக்கவேண்டிய சின்னவரை உட்கார வைத்துவிட்டு இவர் எழுந்து போவார். இருபத்தெட்டு ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன். கவிழ்த்த துருப்பின் பலம் அதைத் திறக்கும்வரைதான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாமவர் போனதும் படிக்கட்டு தீர்ந்துவிடுகிறது. இருவருக்கும் 30,000 நிச்சயம், சண்டை மீதி 20,000க்கு. இங்கே பாதிச் சில்லு என்றால் பாதிப் பணம்தான், கோணல் எதுவும் இல்லை. பதுங்குவதற்கான காரணமும் அதோடு போய்விட்டது. ஆனாலும் மூவராக இருந்தபோது கற்ற அடக்கத்தை உடனே உதற முடியாமல், கைக்கு 1,500 வீதம் கரைந்துபோகிறவர்கள் நிறையப் பேர். பல கிளப்புகளில் இந்தக் கட்டத்தில் "பிரித்துக்கொள்வோமா?" என்று ஒருவர் கேட்பார். பூல் ரம்மியிலும் கேட்பார்கள். இருவர் ஆட்டத்தில் யாருக்குப் பழக்கம் குறைவோ அவருக்கு அது நல்ல பேரம். சில்லுக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

பிரித்துக்கொள்ளாமல் ஆடுவதென்றால் ஒரு சின்ன விதியை நினைவில் வைக்கவேண்டும். அதுவரை டீலருக்கு அடுத்தவர்தான் சிறிய கட்டாயப் பந்தயம் கட்டிவந்தார். இருவர் மட்டும் இருக்கும்போது டீலர் குறி வைத்திருப்பவரே அதைக் கட்டவேண்டும். நடுச்சீட்டுகள் திறக்கும் முன் முதலில் பேசவேண்டியவர் அவர். திறந்தபிறகு கடைசியாகப் பேசுபவரும் அவரே. எதிராளி என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி ஒரு கை விட்டு ஒரு கை மாறி மாறி வரும். குறி உங்கள் முன்னால் இருக்கும்போது பெரும்பாலான கைகளை ஆடலாம், இல்லாதபோது பாதியைக்கூட ஆடவேண்டாம்.